எலுமிச்சை பட்டு வெளுத்த சமையல் மேடை

கேள்வி: சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது. சோப்பு, சோடா உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று, போகவில்லை. இது கறையா, கல்லே சரியில்லையா? மாடியில் கட்டப்போகும் வீட்டுக்கு எந்தக் கல் போடலாம்?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது கறை இல்லை. கறை என்றால் ஏதோ ஒன்று கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இங்கே கல்லின் மேல்தோலே கரைந்திருக்கிறது. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் வழவழப்பாக இருக்கும், வட்டத்துக்குள் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். அப்படித் தட்டுப்பட்டால் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கடப்பா கல்.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, இன்றைய ஆந்திராவின் கடப்பா பகுதியில் இருந்த கடலடியில் சுண்ணாம்புச் சேறு படிந்து படிந்து இறுகியது. படிந்த அடுக்கு வாகிலேயே பலகை பலகையாகப் பிளந்து வருவதால்தான் விலை குறைவு. அதில் நிறைந்திருக்கும் கால்சைட் என்ற கனிமம் அமிலம் பட்டால் கரைந்து, கரியமில வாயுவாக நுரைக்கும். எலுமிச்சை மட்டும் இல்லை. புளி, தயிர், தக்காளி, வினிகர் எல்லாமே இதைச் செய்யும். ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் பெலும் குகைகள் 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கருப்புச் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் கரைத்து உண்டானவை. மண்ணில் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிவிடும். குகையில் நடந்ததும் உங்கள் மேடையில் நடந்ததும் ஒரே வேலைதான். எலுமிச்சைக்கு அவசரம் அதிகம்.

"கருப்பு கிரானைட்" என்று நியாயமாக விற்கப்படுவதும் பாறைகளைப் படிக்கும் எங்கள் கணக்கில் கிரானைட் இல்லை. பெரும்பாலும் அது டோலரைட். பழைய பாறையின் வெடிப்புகளுக்குள் எரிகுழம்பு புகுந்து ஆறியதில் உண்டான கல். அசல் கிரானைட் ஆழத்தில் நிதானமாக ஆறியது. வெளிர் நிறமும் பெரிய மணிகளுமாக இருக்கும். மெருகேறும் கடினக் கல் எதுவானாலும் கடைக்காரருக்கு அது கிரானைட். அதில் பெரிய தப்பில்லை, சமையலறையில் இரண்டுமே உழைக்கும். கடப்பாவை அந்தப் பெயரில் விற்பதுதான் ஏமாற்று.

உறுதி செய்துகொள்ள, சிங்க் பொருத்த வெட்டியெடுத்த துண்டு வீட்டில் கிடக்கிறதா பாருங்கள். அதன் உடைந்த ஓரத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால், டோலரைட்டில் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னும். கடப்பா மங்கலாக, மணியே தெரியாமல் இருக்கும். கத்தி முனையால் அழுத்திக் கீறுங்கள். கடப்பாவில் பள்ளம் விழுந்து வெளிர் மாவு உதிரும். டோலரைட்டில் பெரும்பாலும் கத்தியின் இரும்புத் தடம்தான் பதியும். உதிர்ந்த மாவின் மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். இன்னொன்று: வெளிர் கல்லுக்குக் கருப்புச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் அந்தச் சாயம் பஞ்சில் ஒட்டும்.

கடப்பாதான் என்று தெரிந்தாலும் உடனே பெயர்த்து எடுக்க வேண்டியதில்லை. மெஷின் வைத்திருக்கும் பாலிஷ்காரரைக் கூப்பிட்டால் அந்த இடத்தை இழைத்து மறுபடி பளபளப்பாக்குவார். எண்ணெய் தடவினால் வட்டம் கொஞ்ச நாள் மறையும், அவ்வளவுதான். சீலர் பூசச் சொல்வார்கள். அது எண்ணெய், மஞ்சள் இறங்குவதைக் குறைக்கும், அமிலத்தை நிறுத்தாது. எலுமிச்சையைப் பலகை மேல் வைத்து நறுக்குங்கள், சிந்தினால் அப்போதே ஈரத்துணியால் துடையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் மேடைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மாடி வீட்டு மேடைக்கு டோலரைட்டோ அசல் கிரானைட்டோ போடுங்கள். மார்பிள் ஆசை இருந்தால் பூஜை அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் கால்சைட்தான். பில்லில் கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள், பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து ராத்திரி முழுக்க எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வையுங்கள். அலமாரித் தட்டுகளுக்குக் கடப்பாவே போதும், அங்கே யார் எலுமிச்சை பிழியப்போகிறார்கள்?