கல்லுப்பு வேறு, இந்துப்பு வேறு

கேள்வி: என் கணவருக்கு பி.பி. இருக்கிறது. இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ‘ராக் சால்ட்’ என்று போட்ட பாக்கெட்டில் இருப்பது வெள்ளைக் கல். நாட்டு மருந்துக் கடையில் தருவதோ இளஞ்சிவப்புக் கட்டி. எது அசல்? முழுச் சமையலுக்கும் அதையே போடலாமா?

பதில்: உங்களைக் குழப்பியது லேபிள்தான். நம்மூர்க் கல்லுப்பை அப்படியே ஆங்கிலமாக்கி ‘ராக் சால்ட்’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். அது தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளப் பாத்தியில் வாரிய கடலுப்பு. இந்துப்பு சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் கனிமம். நிலவியலில் ஹாலைட் என்போம். சிந்துப் பக்கத்துச் சரக்கு என்பதால் வடமொழியில் சைந்தவம். இளஞ்சிவப்புக் கட்டிக்குப் பேர்போன கேவ்ரா சுரங்கம் பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. அதை ‘இமயமலை உப்பு’ என்று விற்பது வியாபாரம். சுரங்கம் இருப்பது இமயத்துக்குத் தெற்கே, சால்ட் ரேஞ்ச் என்ற குன்றுத்தொடரில்.

வேடிக்கை என்னவென்றால், அதுவும் கடலுப்புதான். ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே தேங்கிய கடல்நீர் வற்றிப் படிந்தது. உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள்: தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்தும் பிறகு ஜிப்சமும் படியும், அடுத்து உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் அதிகம். அதை வற்றவிடாமல் வடித்துவிடுவார்கள். கேவ்ராவிலும் அதே கணக்குதான். பாத்தி பெரிது, காலம் நீளம்.

அசலா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கட்டியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஹாலைட் தாறுமாறாக நொறுங்காது. சின்னப் பெட்டி போலச் செங்கோணத்தில் பிளக்கும், பிளந்த முகம் கண்ணாடி போல மின்னும். ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் கரைத்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். அடியில் செம்மண் போலக் கொஞ்சம் வண்டல் நிற்கும். நிறத்தைக் கொடுத்த இரும்பு ஆக்சைடும் களிமண்ணும் அதுதான். மேலே தண்ணீர் நிறமில்லாமல் தெளிந்திருக்க வேண்டும். தெளிந்த பிறகும் ரோஸ் நிறமாக இருந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். கட்டியாக வாங்கினால் இப்படிக் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுவதே நல்லது. குழம்பில் பல்லில் நறநறவென்று மண் கடிபடாது.

இனி பி.பி. விஷயம். இந்துப்பிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குளோரைடின் எடையில் சுமார் 39 சதவீதம் சோடியம், அது எந்த ஊர் உப்பானாலும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்கும் பொருந்தும். பாக்கெட்டில் பெருமையடிக்கும் ‘84 தாதுக்கள்’ இருந்தாலும் துளித்துளிதான். அவற்றுக்காக உப்பை அள்ளித் தின்ன முடியாது. கணவருக்கு உதவப்போவது ஊறுகாய், அப்பளத்தைக் குறைப்பது. ‘லோ சோடியம்’ உப்பு என்று விற்பது வேறு சரக்கு. அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ பி.பி. மாத்திரை எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவேண்டாம்.

நான் தயங்குவது அயோடினுக்காக. இந்துப்பில் அது இல்லையென்றே சொல்லலாம். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. கர்ப்பிணிக்கு இன்னும் கூடுதல். கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. 5 கிராமில் கணக்குப் போட்டால் பாதித் தேவை அதிலேயே வந்துவிடும். அதனால் முழுக்க மாறாதீர்கள், வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் கட்டாயம் வேண்டாம். அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பு, மோருக்கும் பழத்துக்கும் இந்துப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கட்டியைப் பீங்கான் ஜாடியில் மூடி வையுங்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீர் விடும். ஐப்பசி மழையில் கட்டி வியர்த்து நின்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம்.