சட்டம் போடுவது நாடாளுமன்றம்தானே, கொள்கையில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். தனிச் சட்டம் இல்லாததால், 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றமே நெறிமுறைகளை வகுத்தது: புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். சட்டம் வரும்வரை இதுவே செல்லும் என்றது.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2013இல். 16 ஆண்டுகள்! என்னைக் கேட்டால், நியாயப்படுத்தவே முடியாத தாமதம்.

சரி, அத்தோடு முடிந்ததா? அந்த டிசம்பரில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டபோதுதான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்புறம், 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்காக மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு அமைப்பது மாவட்ட அதிகாரியின் பொறுப்பு. அவர் அமைக்காவிட்டால், சின்னக் கடையில் வேலை பார்க்கும் பெண் இந்தச் சட்டப்படி யாரிடம் புகார் கொடுப்பார்?