ஒற்றை நட்சத்திர விமர்சனத்துக்கு என்ன பதில் எழுதுவது?

டாக்டர், ரூட் கெனால் முடித்து பல்லைக் காக்கும் உறையான கேப் போட வரச் சொல்லியும் வராதவர், பல் உடைந்ததும் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டால் யாருக்குத்தான் எரியாது? ஆனாலும் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பதிலைப் போடாதீர்கள். 'பலமுறை போன் செய்தோம், கேப் போட நீங்கள்தான் வரவில்லை' என்ற ஒரு வரியே அவர் உங்கள் நோயாளி என்பதையும், என்ன சிகிச்சை நடந்தது என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடும். அவரே முதலில் எழுதினார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. அமெரிக்காவில் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் இப்படிப் பதில் எழுதி நோயாளியின் விவரங்களை வெளியிட்ட ஒரு பல் மருத்துவமனை, 2019-இல் 10,000 டாலர் கட்டித்தான் வெளியே வந்தது.

'நோயாளிகள் பற்றிப் பொதுவெளியில் பேசுவதில்லை. குறை இருந்தால் கிளினிக்கை நேரில் தொடர்புகொள்ளுங்கள்.' இவ்வளவு போதும். பிறகு ரிசப்ஷனை விட்டுப் பேசச் சொல்லாமல் நீங்களே அவருக்கு போன் செய்யுங்கள். பலர் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள். கேப் போட அவரைக் கூப்பிட்ட தேதிகள் அவருடைய கேஸ் ஷீட்டில், அதாவது சிகிச்சைப் பதிவில், இருக்கின்றனவா என்றும் பாருங்கள். புகார் பல் மருத்துவ கவுன்சில் வரை போனால் பேசப்போவது அந்தத் தாள்தான்.

அப்புறம் அவருடைய பல்லின் எக்ஸ்ரே. பெயரை மறைத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விமர்சனம் வந்த அதே வாரத்தில் உடைந்த பல்லின் படம் வந்தால் அது யாருடையது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டவர் படம் போடச் சம்மதித்தவர் அல்ல. அதற்குத் தனியாக எழுதி வாங்க வேண்டும். நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அது பச்சைப் பொய்.