பைனரி சர்ச் ட்ரீயில் ரிகர்சிவ் முறையில் நீக்கிய எண் ஏன் இன்னும் மரத்திலேயே இருக்கிறது?

நீங்கள் 50, 30, 70, 20, 40, 60, 80, 65 என்ற வரிசையில் எண்களைச் சேர்த்து மரத்தை உருவாக்கியிருக்கிறீர்கள். இதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு நோடில் இருக்கும்; அதைவிடச் சிறியவை அதன் இடப்புறமும், பெரியவை வலப்புறமும் அமையும். சேர்த்தலை லூப் கொண்டு எழுதியிருப்பதால் அதில் சிக்கல் எழவில்லை. ரிகர்ஷன் மூலம், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில், 20-ஐ நீக்கும்போதுதான், பிழைச்செய்தி எதுவும் வராமலே, அந்த எண் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள்.

உங்கள் ஃபங்ஷன் 50-இல் தொடங்கி, 30 வழியாக 20-ஐச் சரியாகவே அடைகிறது. அங்கே 'நோடு = நல்' (நல் என்றால் வெறுமை) என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'நோடு' அந்த ஓர் அழைப்புக்கு மட்டுமே உரிய லோக்கல் வேரியபிள் என்பதையும், 30-இன் இடது பாயிண்டரில் உள்ள முகவரியின் நகல் மட்டுமே அதில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நகலை மாற்றினால் 30-இன் பாயிண்டர் மாறாது. ஜாவா, பைத்தான், சி ஆகிய மூன்றிலும் இதே நிலைதான். சி மொழியில் பாயிண்டருக்குப் பாயிண்டர் அனுப்பியோ, சி++ மொழியில் பாயிண்டரை ரெஃபரன்ஸாக அனுப்பியோ இதைச் சரிசெய்யலாம். ஆயினும் எல்லா மொழிகளுக்கும் பொருந்தும் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

'கொடுத்த துணைமரத்திலிருந்து எண்ணை நீக்கி, அதன் பிறகு அத்துணைமரத்தின் வேர் எதுவோ அதைத் திருப்பித் தருவது' என்று ஃபங்ஷனின் வேலையை வரையறுத்துக்கொள்ளுங்கள். அப்போது எண் சிறியதாக இருந்தால் 'நோடு.இடது = நீக்கு(நோடு.இடது, எண்)' என்றும், பெரியதாக இருந்தால் வலப்புறத்துக்கு அதேபோலவும் எழுத வேண்டியிருக்கும். எண் பொருந்தும் இடத்தில், இடது பிள்ளை இல்லையெனில் வலது பிள்ளையையும், வலது பிள்ளை இல்லையெனில் இடது பிள்ளையையும் திருப்பித் தந்தால் போதும். பிள்ளைகளே இல்லாத இலை நோடும் இதிலேயே அடங்கிவிடுவதால் அதற்கென்று தனி நிபந்தனை தேவையில்லை. இறுதி வரியில் 'நோடு' திருப்பித் தரப்பட வேண்டும். பைத்தானில் இந்த வரியை விட்டுவிட்டால் ஃபங்ஷன் வெறுமையைத் திருப்பும். ஓர் எண்ணை நீக்கப் போய் முழு மரத்தையும் இழப்பீர்கள்.

இரண்டு பிள்ளைகள் உள்ள நோடுதான் உண்மையில் கடினமானது. பாடநூல்கள் பலவும் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுவது சரியல்ல என்பது என் கருத்து. கணினி அறிவியலாளர் ஹிப்பார்ட் 1962-இல் வெளியிட்ட முறையே இன்றும் வழக்கில் உள்ளது. வேரான 50-ஐ நீக்க வேண்டுமெனில், வலது துணைமரத்தின் மிகச்சிறிய எண்ணான 60-ஐ வேரில் எழுதிவிட்டு, வலது துணைமரத்திலிருந்து 60-ஐ நீக்க வேண்டும். அந்த அழைப்பு 70-க்குச் சென்று, இடப்புறம் 60-ஐக் காண்கிறது. 60-க்கு இடது பிள்ளை இல்லாததால் 65 திரும்பி வந்து, 70-இன் இடது பிள்ளையாக அமர்கிறது. இந்த இரண்டாம் அழைப்பை வலது துணைமரத்துக்குப் பதிலாக வேருக்கே கொடுத்துவிட்டால், அங்கே புதிதாக எழுதப்பட்ட 60 மீண்டும் பொருந்தி, மீண்டும் 60-ஐயே தேர்ந்தெடுத்து, முடியாத அழைப்புகளைச் சேமிக்கும் நினைவகமான ஸ்டாக் நிரம்பும்வரை ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் இன்ஆர்டர் முறையில் (இடது துணைமரம், நோடு, வலது துணைமரம் என்ற வரிசையில்) மரத்தை அச்சிட்டுப் பாருங்கள். 20-ஐயும் 50-ஐயும் நீக்கிய பின் 30, 40, 60, 65, 70, 80 என ஏறுவரிசையில் வர வேண்டும். சி மொழியில் எழுதுகிறீர்கள் எனில், பிள்ளையின் முகவரியை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே நோடின் நினைவகத்தை விடுவியுங்கள்.

ரிகர்ஷனின் ஆழம் மரத்தின் உயரத்தைப் பொறுத்தது. 1, 2, 3 என்று ஏறுவரிசையில் எண்களைச் சேர்த்தால் மரம் வெறும் சங்கிலியாக நீளும். பைத்தானின் இயல்பான ரிகர்ஷன் வரம்பு 1000 என்பதால், ஆயிரம் எண்களுக்குள்ளாகவே நிரல் நின்றுவிடக்கூடும். அதே 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் அறிமுகப்படுத்திய, தன் உயரத்தைத் தானே சமன்செய்துகொள்ளும் ஏவிஎல் மரத்தில், பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் உயரம் 30-ஐத் தாண்டாது. அதற்கு மாறும்போது இந்த ஃபங்ஷனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இறுதியில் நோடைத் திருப்பித் தரும் இடத்தில் உயரத்தைச் சரிபார்த்து, தேவையெனில் ரொட்டேஷன் (நோடுகளை இடம்மாற்றிச் சமன்செய்தல்) செய்து, புதிய வேரைத் திருப்பித் தந்தால் போதும்.