முதல் திரையிலேயே படம் தெரியட்டும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று படம் எடுத்துக் கொடுக்கிறேன். நேரம் கிடைத்தால் காசிமேடு துறைமுகத்துக்கும் கேமராவோடு போய்விடுவேன். என் வேலையைக் காட்ட ஒரு வெப்சைட் செய்து வைத்திருக்கிறேன். திறந்ததும் கேமரா ஷட்டர் மூடித் திறக்கிற அனிமேஷன், பின்னணியில் இசை, பெயர் ஒவ்வொரு எழுத்தாக டைப் ஆகி வரும், கீழே படம் திருத்தும் மென்பொருள்கள் எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்ட 'போட்டோஷாப் 90%, லைட்ரூம் 85%' என்று கோடுகள். பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துவிடு என்கிறார். எடுத்தால் மொட்டையாக, காசு செலவழிக்காமல் செய்த மாதிரி தெரியாதா?
— ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: எடுத்துவிடுங்கள். முதலில் அந்த ஷட்டரை.

உங்கள் சைட்டை யார், எங்கே இருந்து பார்க்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள். பெண் வீட்டுக்காரர்கள் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்க வந்திருப்பார்கள், யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய உங்கள் லிங்க்கைக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி ஒரு கையால் திறப்பார்கள், அதே நேரத்தில் இன்னும் இரண்டு போட்டோகிராபர்களின் லிங்க்கும் அந்தப் போனில் இருக்கும். அவர்களுக்கு உங்கள் படம் தெரிய வேண்டும். ஷட்டர் திறந்து, பெயர் டைப் ஆகி முடிகிற வரை காத்திருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. இசையும் அப்படித்தான். சத்தம் தானாக ஓடுவதை குரோம் 2018-லேயே பெரும்பாலும் தடுத்துவிட்டது, அதனால் நீங்கள் தேடித் தேடிப் போட்ட இசை நிறையப் பேருக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது.

அந்த 90% கோட்டையும் விட்டுவிடலாம். எதை நூறு என்று வைத்துக்கொண்டு தொண்ணூறு என்கிறோம்? உங்களுக்கு லைட்ரூம் எவ்வளவு தெரியும் என்பதை, மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த ஒரு முகம் இயல்பான நிறத்தில் இருப்பதே சொல்லிவிடும்.

மொட்டையாகத் தெரியுமோ என்ற பயம் நியாயமானதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அலங்காரம் குறைந்ததால் ஒரு சைட் மொட்டையாவதில்லை, உள்ளே இருக்கிற படங்களைச் சரியாகப் பொறுக்காவிட்டால்தான் அப்படித் தெரியும். இருநூறு படங்களைக் கொட்டி வைத்தால் பார்க்கிறவர் நாலு படம் தள்ளிவிட்டுப் போய்விடுவார், அந்த நாலில் ஒன்று சுமாராக இருந்தால் உங்களை அந்தச் சுமாரை வைத்துத்தான் எடை போடுவார். அதற்குப் பதில் ஒரே ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டும் நேரத்தில் அம்மாவின் முகம், பந்தி, கிளம்பும்போது வாசலில் நிற்கிறவர்கள் என்று பதினைந்து இருபது படங்களில் அந்த ஒரு நாளை முழுசாகக் காட்டுங்கள். முப்பது மணப்பெண்கள் வரிசையாகச் சிரிக்கிற பக்கத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் இவரை நம்பி ஒரு நாளை ஒப்படைக்கலாமா என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கிற கேள்வி.

காசிமேட்டுப் படங்களைத் தனிப் பக்கமாக வையுங்கள், கல்யாணத்தோடு கலக்க வேண்டாம். அங்கேயும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வலை சரி செய்கிறதும் மரவேலையும் வண்ணம் அடிக்கிறதுமாகக் கரையே வேறு மாதிரி இருக்கும். மீன் ஏலத்துக் கூட்டத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், இந்த இரண்டு மாதத்தை ராயபுரத்தில் இருக்கிற உங்களால் தினமும் போய் எடுக்க முடியும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எங்கே, எந்த மாதம், என்ன வேலை நடக்கிறது என்று ஒரு வரி போதும். முகம் தெளிவாகத் தெரிகிறவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் படத்தின் அளவு. கேமராவில் இருந்து வருகிற பத்து எம்.பி. பைலை அப்படியே ஏற்றாதீர்கள். நீளப் பக்கம் 1600 முதல் 2000 பிக்சல் வரை குறைத்து வெப்பி (WebP) என்கிற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கே.பி.க்குள் அடங்கிவிடும், போனில் வித்தியாசம் தெரியாது. போன் நம்பரும் எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள் என்பதும் எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும்.

உலகின் முதல் இணையப் பக்கத்தை டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் செய்தார், 1991-ல் அது வெளியுலகத்துக்கு வந்தது. வெறும் எழுத்தும் லிங்க்கும்தான். அதன் பிரதி இன்றைக்கும் உங்கள் போனில் திறக்கிறது, ஏனென்றால் உடைந்துபோக அதில் எதுவும் இல்லை. உங்கள் ஷட்டர் அனிமேஷனுக்கு அந்த ஆயுள் கிடைக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: யு.ஐ. டிசைனர், அதாவது ஆப், வெப்சைட் திரைகளை வடிவமைக்கிற வேலைக்கு முயற்சி செய்கிறேன். எல்லாமே காலேஜ் புராஜெக்ட்கள்தான். எண்ணிக்கை கம்மியாகத் தெரியக் கூடாது என்று பதினொன்றையும் போர்ட்போலியோவில் போட்டிருக்கிறேன். சரிதானா?
— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: மூன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. ஒவ்வொன்றிலும் என்ன பிரச்சினை, யாருக்கு, நீங்கள் எதைச் செய்தீர்கள், எதை யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டீர்கள் என்பதை எழுதுங்கள். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நிறையப் பேர் எழுத மறந்துவிடுகிறார்கள், ஆள் எடுக்கிறவருக்கு அதில்தான் உங்கள் யோசனை தெரியும். குழுவாகச் செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் சைட்டே ஒரு வேலைச் சான்று. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போட்டால் அழகாகத் தெரியலாம், வெயிலில் நின்று போனில் பார்க்கிறவரால் படிக்க முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும் என்று, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) வழிகாட்டி சொல்கிறது, குரோமில் இருக்கிற லைட்ஹவுஸ் கருவியிலேயே அதைச் சோதிக்கலாம்.

கேள்வி: பாப்பின்ஸ் எழுத்துருவைப் போட்டுத் தமிழில் சைட் செய்தேன். ஆங்கிலத்தில் நன்றாக இருந்த டிசைன் தமிழில் அசிங்கமாக வருகிறதே?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: நீங்கள் போட்டிருக்கும் பாப்பின்ஸில் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் பிரவுசர் தன்னிடம் இருக்கிற வேறு ஏதோ ஒன்றை எடுத்துப் போடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், இந்த மூன்று தமிழ் எழுத்துருக்களும் கூகுள் பான்ட்ஸ் தளத்தில் இலவசம், ஒன்றே ஒன்றை எடுங்கள். தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் அதிகம் வேண்டும், எழுத்தின் அளவைப்போல 1.6 மடங்கில் தொடங்கிப் பாருங்கள். நம் சொற்கள் நீளம், பெரிய தலைப்பு போனில் திரையை விட்டு வெளியே போய்விடும், தலைப்பு அளவைத் தயங்காமல் குறையுங்கள்.

கேள்வி: மாதாமாதம் காசு கட்டாமல் சைட் வைக்க முடியுமா?
— ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: முடியும். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கம் என்றால் கிட்ஹப் பேஜஸ் (GitHub Pages) என்கிற சேவையில் இலவசமாகவே வைக்கலாம். பின்னால் சொந்த டொமைன், அதாவது சைட்டுக்கான இணைய முகவரி வாங்கினால் உங்கள் பெயரிலும் உங்கள் மெயிலிலும் பதிவு செய்யுங்கள். செய்து கொடுக்கிற நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கணக்கில் வேண்டாம், வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வருகிற மெயில் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.