ஒரு வாரத்துக்கு ஒரு கால்வாய் போதும்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். நானும் கணவரும், 12 வயது மகளும் 8 வயது மகனும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் அம்மாவுமாக ஐந்து பேர். கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்துக் கால்வாய்களில் ஒரு வாரம் படகில் தங்கிப் பயணம் செய்ய விரும்புகிறோம். பிள்ளைகளுக்கு லாக் நெஸ் ஏரியைப் பார்க்க வேண்டும்; கணவருக்கு ஃபால்கிர்க் சக்கரத்தில் படகோடு ஏற வேண்டும். நாரோபோட் ஒன்றை எடுத்து இரண்டையும் ஒரே வாரத்தில் முடிக்க முடியுமா? எங்களில் யாரும் படகு ஓட்டியதில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சைவச் சாப்பாடுதான் சாப்பிடுவார்.
– ஒரு வாசகி, ஹாரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். படகுகளைக் கீழ்க் கால்வாயிலிருந்து மேல் கால்வாய்க்குச் சுழன்று தூக்கிவிடும் ஃபால்கிர்க் சக்கரம் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே, தாழ்நிலத்து யூனியன் கால்வாயும் ஃபோர்த்-கிளைட் கால்வாயும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. நெஸ் ஏரியோ அங்கிருந்து வெகு வடக்கே, மலைநாட்டை மூலைக்கு மூலை கிழித்துச் செல்லும் கலிடோனியன் கால்வாயின் ஓர் அங்கம். இவ்விரண்டையும் இணைக்கும் உள்நாட்டு நீர்வழி கிடையாது. கடலைச் சுற்றித்தான் போக வேண்டும். விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் கால்வாய்ப் படகைக் கடலில் இறக்க முடியாது. ஆகவே படகில் ஒன்று, சாலை வழியே மற்றொன்று என்று பிரித்துக்கொள்வதே வழி. பிள்ளைகளின் ஆசை ஒரு வாரத்துக்கு உரியது, உங்கள் கணவரின் ஆசை ஒரு பிற்பகலுக்கு உரியது என்பதால், படகுப் பயணத்தைக் கலிடோனியன் கால்வாயில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை ஊர் திரும்பும் வழியில் பார்க்கலாம்.

நாரோபோட்டையும் மறந்துவிடுங்கள். அது ஒடுக்கமான, அலையில்லாத கால்வாய்களுக்காக உருவான படகு. கலிடோனியன் கால்வாய் ஃபோர்ட் வில்லியம் அருகிலுள்ள கார்பக்கிலிருந்து இன்வெர்னஸ் வரை சுமார் 97 கிலோமீட்டர் நீள்கிறது. அதில் மனிதர் வெட்டியது ஏறக்குறைய 35 கிலோமீட்டர் மட்டுமே. மீதியெல்லாம் லாக்கி, ஓய்க், நெஸ், டாக்ஃபோர் என்னும் இயற்கை ஏரிகள். அவற்றுள் நெஸ் ஏரி சுமார் 37 கிலோமீட்டர் நீளமும், ஆழமான இடத்தில் ஏறக்குறைய 230 மீட்டர் ஆழமும் கொண்டது. தென்மேற்குக் காற்று எழுந்தால், இருபுறமும் மலை நிற்பதால் விலக வழியின்றி ஏரியின் நீளம் முழுவதும் ஓடி, குட்டையான, செங்குத்தான அலைகளை எழுப்பும். அதனால் இங்கே வாடகைக்குக் கிடைப்பவை க்ரூஸர் வகைப் படகுகள். உள்ளேயும் மேல்தளத்திலும் என இரண்டு இடங்களில் ஸ்டியரிங் உள்ள படகைக் கேட்டு வாங்குங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கத்து மழையில் மேல்தளத்தில் நின்று ஓட்டுவது அரை மணி நேரத்துக்குத்தான் வேடிக்கையாக இருக்கும்.

படகு ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை. படகை ஒப்படைக்கும்போது நிறுவனத்தார் ஓட்டவும் கட்டவும் கற்றுத்தருவார்கள். அதை உங்கள் கணவர் மட்டும் கேட்டுக்கொண்டால் போதாது, நீங்களும் உடனிருந்து கற்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கில் நிற்க, இருவர் கயிறு பிடிக்க வேண்டிய பயணம் இது. உங்கள் மகளுக்கும் ஒரு கயிறு கிடைக்கலாம். 12 வயதுப் பிள்ளை கைப்பேசியைக் கீழே வைக்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவறைகளான லாக்குகளைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். இந்தக் கால்வாயில் 29 லாக்குகள் உள்ளன. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் பொறுப்பில் 1803-இல் தொடங்கி 1822-இல் திறக்கப்பட்ட இந்தக் கால்வாய், ஸ்காட்லாந்தின் வடக்கு முனையிலுள்ள கொந்தளிப்பான கடலைத் தவிர்த்துக் கப்பல்கள் கடந்துசெல்வதற்காக வெட்டப்பட்டது. ஆகவே லாக்குகளும் கப்பல் அளவில் இருக்கின்றன, ஒரே நேரத்தில் பல படகுகள் உள்ளே நிற்கின்றன. இங்கிலாந்துக் கால்வாய்களைப் போல நீங்களே கதவைத் தள்ளித் திறக்க வேண்டியதில்லை. லாக் காப்பாளர்கள் இயக்குகிறார்கள். உங்கள் வேலை கயிற்றோடு முடிகிறது. இறங்கும்போது தண்ணீர் அமைதியாக வடியும், கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தால் போதும். ஏறும்போது நீர் கொதிப்பதுபோல் பொங்கிப் படகைத் தள்ளும். அப்போது கயிற்றை இழுத்து இழுத்துத் தளர்வில்லாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் கயிற்றை இறுக முடிந்துவிடக் கூடாது. இறங்கும் படகின் கயிறு முடிச்சில் சிக்கினால், தண்ணீர் வடிய வடியப் படகு சுவரில் தொங்கத் தொடங்கிவிடும்.

இதை மனத்தில் வைத்தே, கால்வாயின் நடுப்பகுதியிலுள்ள லாகனிலிருந்து வடகிழக்காகச் செல்லும் பயணத்தை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முழுக் கால்வாயையும் போய்த் திரும்பலாம் என்று விளம்பரங்கள் சொல்லும். முடியும்தான், ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அது தினமும் வேலைக்குப் போய் வருவதுபோல் ஆகிவிடும். லாக்குகள் பகல் நேரத்தில் மட்டுமே இயங்குகின்றன, கடைசிப் படகை ஏற்றும் நேரம் அதற்கும் முந்தையது. ஒரு லாக்கில் வரிசை நீண்டால் அன்றைய கணக்கு முழுவதும் தவறிவிடும். அதனால் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

சனிக்கிழமை படகை வாங்கி அன்றிரவு லாகனிலேயே தங்குங்கள். ஞாயிறன்று ஓய்க் ஏரியைக் கடந்தால் கல்லோக்கி, கைட்ரா என்று தனித்தனியே இரண்டு லாக்குகள் வரும். இரண்டும் இறக்கம் என்பதால் நல்ல பயிற்சி. அன்று மாலை ஃபோர்ட் அகஸ்டஸில் லாக் படிக்கட்டின் மேல்புறம் படகைக் கட்டிவிடலாம். அங்கே ஐந்து லாக்குகள் ஒன்றையொட்டி ஒன்றாக ஊரின் நடுவே இறங்குகின்றன. திங்கள் காலை அவற்றில் இறங்கும்போது, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் படகைக் கரையிலிருந்தே கயிற்றால் நடத்திச் செல்வீர்கள். அம்மா படகில் இருக்க வேண்டியதில்லை, தொடங்குமுன்பே இறங்கிக் கரையோரமாக மெதுவாக நடந்து வரலாம். வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தில் நீங்கள் பதறுவதைக் கண்டு ரசிக்கும் முதல் ஆள் அவராகவே இருப்பார்.

நெஸ் ஏரியைக் காற்று குறைந்த காலை வேளையில் கடப்பது நல்லது. ட்ரம்னாட்ராகிட் ஊருக்கு அருகே அர்கார்ட் விரிகுடாவில் சிறிய படகுத்துறை உண்டு. இடம் குறைவு என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டு நேரத்தோடு போய்ச் சேருங்கள். கரையோரத்தில் நிற்கும் அர்கார்ட் கோட்டை, பதவியிழந்த மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களான ஜேகபைட் கிளர்ச்சியாளர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று 1692-இல் அதன் காவற்படையினராலேயே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஏரியில் வாழ்வதாகக் கதை சொல்லப்படும் விலங்கான நெஸ்ஸி தென்படாவிட்டாலும் மகனுக்கு இந்தக் கதை போதும். செவ்வாயன்று டாக்கராக் வரை சென்று, அங்கிருந்து இன்வெர்னஸ் நகருக்குப் பேருந்திலோ டாக்ஸியிலோ போய்க் கடையில் தேவையானதை வாங்கிக்கொள்ளலாம். புதன்கிழமைக்கு எதையும் திட்டமிடாதீர்கள். ஏரியில் காற்று அடித்தால் பயணத்தை நிறுத்தச் சொல்லி உங்கள் நிறுவனம் அறிவிக்கக்கூடும். அந்த ஒரு நாள் கையில் இல்லாதவர்கள்தான் அலையில் இறங்கத் துணிகிறார்கள். வியாழன் ஏரி வழியே ஃபோர்ட் அகஸ்டஸுக்கும் வெள்ளி லாகனுக்கும் திரும்பிவிடுங்கள். கடினமான ஏற்றம் அந்தக் கடைசி நாளில்தான் வருகிறது. அதற்குள் உங்கள் கைகளுக்குக் கயிறு பழகியிருக்கும்.

அம்மாவைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். படகின் படுக்கையறைகள் பெரும்பாலும் படியிறங்கிச் செல்லும் உயரத்தில் உள்ளன. கூடத்தின் மட்டத்திலேயே படுக்கையாக விரிக்கக்கூடிய இருக்கை இருக்கிறதா, கழிப்பறைக்கு எத்தனை படி என்று பதிவு செய்யுமுன் கேளுங்கள், உள்ளமைப்பு வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். மேல்தளத்துக்கு வரும் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும். கோடையிலும் இந்த ஏரிகள் மிகக் குளிர்ந்தவை, நீந்தத் தெரிந்தவரையும் அந்தக் குளிர் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்யும்.

சமையலுக்குக் காஸ் அடுப்பு இருக்கும், ஆகவே குக்கரில் சோறும் பருப்பும் தாராளமாகச் செய்யலாம். மின்சார ரைஸ் குக்கரையும் மிக்ஸியையும் மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படகின் மின்சாரம் 12 வோல்ட் பாட்டரியில் வருவது. கரை மின்சாரத்தோடு இணைத்த இரவுகள் தவிர அவற்றுக்கு உயிர் வராது. சம்பலையும் பொடிகளையும் அரைத்தே எடுத்துச் செல்லுங்கள். மிளகாய் தாளிக்கும்போது மேல்கதவைத் திறந்துவைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே வருவார்கள். வழியிலுள்ள கடைகள் சிறியவை என்பதால், காய்கறி, தேங்காய்ப்பால், அம்மாவின் மருந்துகள் எல்லாவற்றையும் ஹாரோவிலிருந்தே கொண்டு போவது உத்தமம்.

தேதியைப் பொறுத்தவரை ஆகஸ்டின் கடைசி இரு வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவதால் உள்ளூர்க் கூட்டம் குறையும். உங்கள் பிள்ளைகளுக்கோ இன்னும் விடுமுறை. கொசுவைவிடச் சிறியதாய், கூட்டம் கூட்டமாய்க் கடிக்கும் மிட்ஜ் பூச்சியின் தொல்லையும் கோடையின் உச்சத்தைவிடச் சற்றுத் தணிந்திருக்கும். ஆனால் அடியோடு ஒழிந்திருக்காது, பூச்சி விரட்டும் களிம்பை எடுத்துச் செல்லுங்கள். இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும்.

போகும்போது கிளாஸ்கோவிலிருந்து ஏ82 சாலையில் கிளென்கோ வழியாகச் செல்லுங்கள். ஃபோர்ட் வில்லியத்தைத் தாண்டியதும் பானவிக்குத் திரும்பினால், எட்டு லாக்குகள் ஒரே தொடராக ஏறும் ‘நெப்டியூன் படிக்கட்டை’ கரையில் நின்று பார்க்கலாம்; பிரிட்டனிலேயே நீளமான லாக் படிக்கட்டு அதுதான். பிறகு கார் வழிகாட்டியில் வெறுமனே லாகன் என்று போட்டுவிடாதீர்கள். ஏ86 சாலையில், நியூட்டன்மோருக்கு அருகே அதே பெயரில் இன்னொரு ஊர் இருக்கிறது. படகு நிறுவனம் தரும் அஞ்சல் குறியீட்டையே நம்புங்கள்.

திரும்பும்போது சனிக்கிழமை காலையில் படகை ஒப்படைத்துவிட்டு, அந்த ஏ86 வழியாகவே ஏ9 சாலையைப் பிடித்து, பெர்த், ஸ்டர்லிங் கடந்து ஃபால்கிர்க் சேரலாம். சுமார் மூன்று மணி நேரப் பயணம். 2002-இல் திறக்கப்பட்ட அந்தச் சக்கரம், முன்பு 11 லாக்குகள் செய்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துப் படகை 24 மீட்டர் உயர்த்துகிறது. சொந்தப் படகு தேவையில்லை, அங்கேயே பயணிகள் படகு உண்டு. பராமரிப்புக்காக நிறுத்தப்படும் நாட்கள் இருப்பதால் தேதியைச் சரிபார்த்து, சனி பிற்பகலுக்கு ஐந்து சீட்டுகளை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.