த்வோர்ஷாக்கும் டிவோராக்கும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் எட்டுப் பத்துப் பேர் மாதம் ஒருமுறை ஒரு நண்பர் வீட்டில் கூடி மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கிறோம். சென்ற முறை செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனி, 'புதிய உலகிலிருந்து'. அறிமுகம் செய்து பேசியவருக்கு எழுபது வயதுக்கு மேல். இசைத்தட்டுக் காலத்திலிருந்தே கேட்டு வருபவர். அவர் வாய்க்கு வாய் 'டிவோராக்' என்றார். பொறுத்துப் பார்த்துவிட்டு, நடுவில் "சார், அது த்வோர்ஷாக்" என்றேன். அவர் சட்டென்று நிறுத்தினார். அப்புறம் இரண்டு வரியில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது இன்னொரு நண்பர், "பெயரில் என்ன இருக்கிறது, இசையைக் கேட்டால் போதாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஒரு மேதையின் பெயரைச் சரியாகச் சொல்லச் சொல்வது தவறா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்,

தவறில்லை. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்ட உங்கள் நண்பருக்கு த்வோர்ஷாக்கின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

அவர் 1841-ல் பிராகுக்கு வடக்கே நெலஹோஸெவெஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா சத்திரம் நடத்தினார், இறைச்சிக் கடையும் உண்டு. நாடு ஆஸ்திரியப் பேரரசின் கையில். பிழைக்க வேண்டுமென்றால் ஜெர்மன் தெரிந்தாக வேண்டும் என்று பையனை ஜெர்மன் படிக்க வெளியூர் அனுப்பினார்கள். பிற்பாடு ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் சிபாரிசில் பெர்லின் பதிப்பாளர் ஸிம்ராக் அவரை ஏற்றுக்கொண்டார். 1878-ல் ஸிம்ராக் வெளியிட்ட ஸ்லாவிய நடனங்கள் நன்றாக விற்று, த்வோர்ஷாக் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த பெயரானார். ஆனால் எந்தப் பெயர்? ஸிம்ராக் அட்டையில் போட விரும்பியது 'அன்டோன்' என்ற ஜெர்மன் வடிவம். அவரோ அன்டொனீன்.

1885-ல் ஏழாம் சிம்பொனியை அச்சிடும் பேச்சு வந்தபோது இது சண்டையாகவே ஆகிவிட்டது. ஸிம்ராக் 3000 மார்க் தருவதாகச் சொன்னார், த்வோர்ஷாக் 6000 கேட்டு வாங்கினார். பணத்தோடு விடவில்லை. முகப்பில் ஜெர்மனோடு செக் மொழியும் இருக்க வேண்டும், பெயர் செக் முறையில் வர வேண்டும் என்றார். ஸிம்ராக் மசியவில்லை. கடைசியில் 'அன்ட்.' என்று சுருக்கிப் போடுவதென்று சமரசம். ஜெர்மானியர் அன்டோன் என்று படித்துக்கொள்ளலாம், செக் மக்கள் அன்டொனீன் என்று. கலைஞனுக்கும் ஒரு தாய்நாடு உண்டு, அதன்மேல் அவனுக்கு நம்பிக்கையும் பாசமும் இருக்க வேண்டும் என்ற பொருளில் அந்த ஆண்டு செப்டம்பரில் ஸிம்ராக்குக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே ஜெர்மனில் எழுதியதுதான். அவருக்கு ஜெர்மன்மேல் பகை இல்லை. விற்பனை வசதிக்காகத் தன் பெயரை இன்னொருவர் திருப்பிப் போடுவதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. உலகப் புகழ் வந்த பிறகும் ஒரு மனிதர் இதற்காக மல்லுக்கட்டினார் என்றால், பெயரில் ஒன்றும் இல்லை என்று நாம் எப்படிச் சொல்வது?

என் அளவுகோல் இதுதான்: பெயருக்குச் சொந்தக்காரர் எதை விரும்பினார்? நமக்குத் தெரிந்த மொழியறிவு அதற்கப்புறம். ஜெர்மனியில் ஹாலே நகரில் பிறந்த இசையமைப்பாளர் ஹெண்டல் லண்டனில் குடியேறி, 1727-ல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். பெயரில் எழுத்துக்கு மேலிருந்த இரட்டைப் புள்ளியை விட்டுவிட்டு, ஆங்கில முறையில் ஜார்ஜ் ஃபிரிடெரிக் ஹாண்டல் என்று அவரே கையெழுத்துப் போட்டார். 'ஹாண்டல்' என்று சொல்பவரைப் பிடித்து 'ஹெண்டல்' என்று திருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. த்வோர்ஷாக்கின் அதே குடும்பப் பெயர் கொண்ட அகஸ்ட் ட்வோராக் என்ற அமெரிக்கர் 1936-ல் ஒரு தட்டச்சு விசைப்பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். எழுத்து ஒன்றேதான், ஆனால் அந்தப் பலகைக்கு அமெரிக்காவில் 'ட்வோராக்' என்பதுதான் பெயர். அங்கே போய் செக் உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, நீங்கள் சொன்ன 'த்வோர்ஷாக்'குக்கு வருவோம். அது டிவோராக்கைவிடப் பல மடங்கு கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதுவும் முழுசாக அந்தப் பெயர் அல்ல. நாம் 'ர்ஷ்' என்று இரண்டாக எழுதுவது செக்கில் ஒரே ஒலி, மேலே சின்னக் கொக்கி போட்ட ஒரே எழுத்து. நுனிநாக்கை மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் கொண்டுபோய் ற-வை உருட்டுவதுபோல் அதிரவிடுங்கள். அதே மூச்சில், 'ப்ளெஷர்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற உரசலும் கூடவே வர வேண்டும். அடுத்தடுத்து வந்தால் போதாது, சேர்ந்து வர வேண்டும். செக் குழந்தைகளுக்கே கடைசியாக வாயில் படியும் ஒலிகளில் இது ஒன்று, நமக்கு ழ போல. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போவதும் அங்கே சாதாரணம். அவ்வளவு ஏன், குடியரசுத் தலைவராக இருந்த நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்குச் சாதாரண ர-வே உருளாது. அந்த நாக்கோடுதான் அவர் நாட்டு மக்களிடம் பேசினார்.

மற்ற இடங்களில் நமக்கு வசதி உண்டு. தொடக்கத்தில் வருவது நுனிநாக்குத் த், 'தைரியம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது வருகிற மெல்லிய த். ஆங்கிலேயரைப்போல ட் போட்டு நடுவில் ஓர் இகரத்தைச் செருக வேண்டியதில்லை. அழுத்தம் முதல் அசையில், நீளம் இரண்டாவது அசையில். நெடிலை அழுத்தாமல் நீட்டுவது தமிழ் வாய்க்குச் சுலபமாக வரும். கடைசிக் க்-கில் காற்று வெடிக்காமல் நிறுத்துவதும் அப்படித்தான்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், சொல்ல வராதவரும், கேட்டறியாதவரும், தெரிந்தே மாற்றுபவரும் ஒன்றல்ல. ஸிம்ராக் மூன்றாவது வகை. உங்கள் பெரியவர் இரண்டாவது வகை. ஆங்கிலத்தில் அச்சிடும்போது அந்தக் கொக்கியை விட்டுவிடுவது ரொம்ப காலமாக நடந்துவருகிறது. கொக்கி போனால் எஞ்சுகிற எழுத்துகளை எவரும் 'டிவோராக்' என்றுதான் படிப்பார்கள். இசைத்தட்டு உறையைப் படித்துத் தானாகவே இந்த இசைக்குள் வந்தவருக்கு வேறு வழி இருந்திருக்காது. வானொலி அறிவிப்பாளர், மேடையில் தொகுத்துப் பேசுபவர், இசை வகுப்பு எடுப்பவர் இவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெயரைச் சரியாகச் சொல்வது அவர்கள் வேலையில் சேர்த்தி. அவர்கள் சொல்வதைத்தான் நாலு பேர் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒருவர் தான் ஆயுள் முழுக்க நேசித்த இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டியது சரியில்லை. பேச்சு முடிந்து காப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கலாம். அல்லது உங்கள் முறை வரும்போது நீங்கள் த்வோர்ஷாக் என்று நாலு தடவை சொல்லியிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும். நீங்கள் கடிதத்தில் இரண்டு உச்சரிப்பையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நிறுத்தியபோது எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பதை எழுதவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

அந்த சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுகருவி தனியாக வாசிக்கும் மெட்டு வருமில்லையா? அதை ஏதோ பழைய கறுப்பின பக்திப் பாட்டிலிருந்து த்வோர்ஷாக் எடுத்தாண்டார் என்று பலர் நம்புகிறார்கள். நடந்தது தலைகீழ். சிம்பொனி முதலில் ஒலித்தது 1893 டிசம்பரில், நியூயார்க் கார்னெகி அரங்கில். த்வோர்ஷாக் 1904-ல் இறந்துவிட்டார். 1922-ல்தான் அவருடைய மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் அந்த மெட்டுக்கு வரிகள் எழுதி 'கோயின் ஹோம்' என்று வெளியிட்டார். நியூயார்க் கன்சர்வேட்டரி என்ற இசைப் பள்ளியில் படித்த ஹாரி பர்லே என்ற கறுப்பின இளைஞர் த்வோர்ஷாக்குக்கு அப்படிப்பட்ட பாட்டுகளைப் பாடிக் காட்டினார் என்பது உண்மை. அவற்றின் சாயலும் இசையில் இருக்கிறது. ஆனால் மெட்டு த்வோர்ஷாக்குடையது. யாராவது இதை மாற்றிச் சொன்னால் கூட்டத்திலேயே திருத்துங்கள், ஏனென்றால் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தவறை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பெயர் உச்சரிப்புக்கு அந்த அவசரம் கிடையாது.

அடுத்த மாதம் ஏழாம் சிம்பொனியைப் போடுங்கள். ஒன்பதாவதைவிட இருண்டது, இறுக்கமானது, எனக்கு அதுதான் அவருடைய ஆகச் சிறந்தது. கூட்டத்துக்கு முன்னால் பெரியவர் வீட்டுக்குப் போய் ஸிம்ராக் கதையைச் சொல்லுங்கள், பெயர் விஷயம் அதற்குள்ளேயே வந்துவிடும். அறிமுகத்தை அவரையே செய்யச் சொல்லிக் கேளுங்கள். சென்ற முறை பாதியில் விட்டதையும் சேர்த்துப் பேசட்டும்.